வாசகர் வினா: ஒளி மடை திறக்கும், மின்புலம் இழுக்கும்

சென்ற இதழின் அறிவியல் துணுக்குகளில், புரொஜெக்டரிலிருந்து விழும் ஒளியைக் கொண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே செல்களையும் நுண்துகள்களையும் நீர்த்துளிகளையும் நகர்த்தும் முறையைப் பற்றி எட்டு வரிகள் எழுதியிருந்தோம். எட்டு வரிகள் போதவில்லை என்பதை அதற்குப் பின் வந்த கடிதங்கள் காட்டின. ஒன்றோடொன்று தொடர்புடைய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு இம்மாதப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

ஒளிக்கு எடையே இல்லை என்றுதான் படித்திருக்கிறோம். எடையில்லாத ஒன்று ஒரு துகளை எப்படித் தள்ளும்? உங்கள் துணுக்கின் தலைப்பே 'ஒளி தள்ளும் துளிகள்' என்று இருந்ததே?
— பொறியியல் மாணவி, திருச்சி

தலைப்பில் நேர்ந்த தவறு எங்களுடையதே. அந்தக் கருவியில் ஒளி எதையும் தள்ளுவதில்லை. ஆனால் உங்கள் கேள்வியின் முற்பாதிக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே செல்ல வேண்டும். ஒளிக்கு நிறை இல்லையென்றாலும் உந்தம் உண்டு. அந்த உந்தத்தைக் கொண்டு நுண்துகளைத் தள்ளவும் பிடித்துவைக்கவும் முடியும் என்பதை அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஆர்தர் ஆஷ்கின் 1970-இல் செய்து காட்டினார். 1986-இல் அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒரே ஒரு லேசர் கற்றையை நுண்ணோக்கியின் வில்லையால் ஒரு புள்ளியில் இறுகக் குவித்து, அந்தப் புள்ளியிலேயே துகளைக் கட்டிப்போட்டார்கள். ஒளியிடுக்கி என்று பெயர் பெற்ற அந்தக் கருவிக்காக 2018-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் பாதி ஆஷ்கினுக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 96. அங்கே உண்மையிலேயே ஒளிதான் விசை செலுத்துகிறது. ஒளியின் உந்தம் மிகச் சிறியது என்பதால் அதற்கு ஆற்றல் மிக்க லேசர் வேண்டும், ஊசிமுனை போன்ற குவியம் வேண்டும், ஒரு நேரத்தில் பிடிக்கக்கூடிய துகள்களும் சிலவே.

துணுக்கில் நாம் குறிப்பிட்டது வேறொரு கருவி. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பெய்-யூ சியோ, ஆரன் ஓட்டா, மிங் வூ ஆகிய மூவரும் 2005-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட அதனை ஒளிமின் இடுக்கி எனலாம். அதன் அமைப்பு வியப்பூட்டும் அளவுக்கு எளியது. இரண்டு கண்ணாடித் தகடுகள். இரண்டின் உட்புறத்திலும் ஒளி ஊடுருவக்கூடிய, மின்சாரம் கடத்தக்கூடிய இண்டியம் டின் ஆக்சைடு பூச்சு. கீழ்த்தகட்டின் பூச்சுக்கு மேல் ஒரு மைக்ரோமீட்டர் அளவே தடிமனுள்ள, படிக ஒழுங்கற்ற சிலிக்கான் படலம். சட்டைப்பைக் கால்குலேட்டரின் நெற்றியில் பழுப்பு நிறப் பட்டையாகத் தெரியும் சூரிய மின்கலத்தில் இருப்பதும் இதே வகைச் சிலிக்கான்தான். இரு தகடுகளுக்கும் இடையே, தலைமுடியின் தடிமன் அளவேயான இடைவெளியில், துகள்கள் மிதக்கும் நீர். பூச்சுகள் இரண்டுக்கும் இடையே சுமார் பத்து வோல்ட் மாறுதிசை மின்னழுத்தம் கொடுக்கப்படுகிறது.

இப்போது சிலிக்கான் படலமும் நீரும் தொடரிணைப்பில் உள்ள இரண்டு மின்தடைகள். இருட்டில் சிலிக்கானின் தடை மிக அதிகம் என்பதால் மின்னழுத்தம் ஏறக்குறைய முழுவதும் அதன் குறுக்கே விழுந்துவிடுகிறது. நீருக்கு வந்து சேருவது சொற்பம். சிலிக்கானின் ஓரிடத்தில் ஒளி விழுந்தால் அங்கே எலக்ட்ரான்கள் விடுபட்டு, அந்த இடம் மட்டும் மின்கடத்தியாகிவிடுகிறது. அதற்கு நேர் மேலே உள்ள நீரில் மின்புலம் திடீரென வலுக்கிறது. ஒளி விழும் புள்ளியே மின்முனை. ஒளியை நகர்த்தினால் மின்முனையும் நகர்கிறது. வட்டம் வரைந்தால் வட்ட மின்முனை, அணைத்தால் மின்முனையே இல்லை.

வயலுக்கு நீர் பாய்வது ஏரியின் நீர்மட்டத்தால். மடையைத் திறப்பவர் நீரைத் தள்ளுவதில்லை. எந்த வாய்க்காலில் அது போக வேண்டும் என்பதை மட்டும் முடிவு செய்கிறார். இந்தக் கருவியில் ஒளிக்கு மடை திறக்கும் வேலை மட்டுமே, இழுப்பது மின்புலம். விசைக்கான ஆற்றலை ஒளி தர வேண்டியதில்லை என்பதால், ஒளியிடுக்கிக்கு வேண்டிய ஒளிச்செறிவில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கே இதற்குப் போதுமானதாக இருந்தது. லேசர் கூடத் தேவைப்படவில்லை: ஓர் எல்.இ.டி. விளக்கையும், புரொஜெக்டர்களில் பயன்படும், ஒளியைத் திருப்பிவிடும் நுண்ணாடிகள் பதித்த சில்லு ஒன்றையும் வைத்துக்கொண்டு, 1.3 மில்லிமீட்டருக்கு 1 மில்லிமீட்டர் என்ற பரப்பில், அதாவது ஒரு கடுகு மறைக்கும் இடத்தில், துகள்களைப் பிடித்துவைக்கும் 15,000 பொறிகளை ஒரே நேரத்தில் வரைந்து காட்டினார்கள்.

துகளுக்கு நிகர மின்னூட்டம் இல்லை. கொடுப்பதோ மாறுதிசை மின்னழுத்தம். மின்னூட்டம் இருந்தாலே அரைச்சுற்றில் முன்னும் மறு அரைச்சுற்றில் பின்னும் போய், நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். அதுவும் இல்லாத துகள் எப்படி நகரும்? முப்பது ஆண்டுகள் இயற்பியல் நடத்தியவன் என்ற முறையில் இந்த இடம் எனக்கு உதைக்கிறது.
— ஓய்வு பெற்ற ஆசிரியர், திருநெல்வேலி

ஐயா, உதைக்க வேண்டிய இடத்தில்தான் உதைக்கிறது. தாங்கள் வகுப்பில் பலமுறை செய்து காட்டியிருக்கக்கூடிய சோதனையிலேயே விடையும் இருக்கிறது. எண்ணெய் படாத தலைமுடியில் தேய்த்த சீப்பைக் காகிதத் துணுக்குகளின் அருகே கொண்டு சென்றால் அவை தாவி ஒட்டுகின்றன. துணுக்குகளுக்கு மின்னூட்டம் இல்லை. சீப்பின் மின்புலத்தில் துணுக்கின் ஒரு முனை சற்று நேர்மின்னூட்டமும் மறுமுனை சற்று எதிர்மின்னூட்டமும் பெறுகின்றன. புலம் எங்கும் ஒரே சீராக இருந்தால் இரு முனைகளின் மீதும் செயல்படும் விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஆனால் சீப்பின் அருகே புலம் வலியது, தள்ளிப் போகப் போக மெலிவது. அருகிலுள்ள முனை சற்று வலுவாக இழுக்கப்பட, மறுமுனை சற்று மெலிவாகத் தள்ளப்பட, மிச்சப்படும் விசை துணுக்கை இழுத்துக்கொண்டு வருகிறது.

இரண்டாவது ஐயத்துக்கும் சீப்பே பதில் சொல்லும். சீப்பு நேர்மின்னூட்டம் பெற்றிருந்தாலும் எதிர்மின்னூட்டம் பெற்றிருந்தாலும் காகிதம் அதை நோக்கித்தான் வருகிறது. புலத்தின் திசை மாறும்போது துணுக்கில் தூண்டப்பட்ட முனைகளும் இடம் மாறிவிடுவதால், விசையின் திசை மாறுவதில்லை. கணக்கில் சொன்னால், விசை மின்புலத்தைச் சார்ந்தது அன்று, மின்புலத்தின் இருமடியின் சரிவைச் சார்ந்தது. இருமடிக்குக் குறி கிடையாது. ஆகவே வினாடிக்கு ஒரு லட்சம் முறை திசை மாறும் மின்னழுத்தத்திலும் இந்த இழுவை அப்படியே நிற்கிறது. மாறாக, துகளில் தற்செயலாக ஒட்டியிருக்கும் மின்னூட்டத்தால் வரக்கூடிய அலைச்சல், தாங்கள் சொன்னபடியே, முன்னும் பின்னும் ஆடி அடங்கிவிடுகிறது. நேர்திசை மின்னழுத்தம் கொடுத்தால் நீர் மின்னாற்பகுப்புக்கு உள்ளாகிக் குமிழ் விடத் தொடங்கும் என்பதும் மாறுதிசையைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணம்.

இந்த விசைக்கு டைஎலக்ட்ரோபோரெசிஸ் என்று 1951-இல் பெயரிட்டவர் அமெரிக்க அறிவியலாளர் ஹெர்பர்ட் போல். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் பொருள் அரியதன்று; சீப்பும் காகிதமும்தான்.

சீப்புச் சோதனையில் காண முடியாத ஒன்றும் இங்கே உண்டு. நீரில் தக்கை மேலே வருகிறது, கல் கீழே போகிறது. புவியீர்ப்பு இரண்டுக்கும் ஒன்றுதான், சுற்றியுள்ள நீரைவிட எது கனம் என்பதே திசையைத் தீர்மானிக்கிறது. அதுபோலவே இங்கும் துகள் சுற்றியுள்ள நீர்மத்தைவிட எளிதில் முனைவாக்கப்படுமானால் (காகிதத் துணுக்கைப் போல இரு முனைகளிலும் எதிரெதிர் மின்னூட்டம் பெறுமானால்) வலிய புலத்தை நோக்கி, அதாவது ஒளியை நோக்கி, இழுக்கப்படும். நீர்மமே எளிதில் முனைவாக்கப்படுமானால் துகள் ஒளியிலிருந்து விலக்கப்படும். நீரில் மிதக்கும் பாலிஸ்டைரீன் மணிகள் இந்த இரண்டாம் வகை. நுண்ணோக்கியின் கீழ் பார்த்தால், ஓர் ஒளிவளையத்தை மணியைச் சுற்றி வரைந்து, வளையத்தைச் சிறிது சிறிதாகச் சுருக்குகிறார்கள். மணி ஒளிக்கோட்டைத் தொடாமல் ஒதுங்கி ஒதுங்கி நடுவிலுள்ள இருட்டுக்கு வந்துசேர்கிறது. பின்னர் வளையத்தை எங்கே நகர்த்தினாலும் மணி கூடவே போகிறது. பட்டியில் அடைத்த ஆட்டைப் பட்டியோடு சேர்த்து நகர்த்துவதைப் போன்றது அது.

உயிருள்ள செல்லையும் இறந்த செல்லையும் இந்தக் கருவி பிரித்துவிடும் என்று எழுதியிருந்தீர்கள். நாங்கள் சாயம் போட்டு எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறோம். ஒளிக்கு எப்படித் தெரியும், எது உயிரோடு இருக்கிறது என்று?
— மருத்துவ ஆய்வகப் பணியாளர், வேலூர்

ஒளிக்குத் தெரியாது, செல்லின் சவ்வுக்குத் தெரியும். சில நானோமீட்டர் தடிமனே உள்ள அந்தச் சவ்வு நல்ல மின்காப்புப் பொருள். உயிருள்ள செல் தன் உள்ளே உப்பு அயனிகளை அடைத்து வைத்துக்கொண்டு, அவை வெளியே கசியாமல் சவ்வால் காவல் காக்கிறது. குறைந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் சவ்வைத் தாண்டி உள்ளே போக முடியாததால் செல் ஒரு காப்புருண்டையைப் போல நடந்துகொண்டு, வலிய புலத்திலிருந்து விலகும். அதிர்வெண்ணைக் கூட்டினால் சவ்வு ஒரு மின்தேக்கியாகச் செயல்பட்டு மாறுதிசை மின்னோட்டத்தை உள்ளே விடுகிறது. உள்ளேயோ வெளி நீர்மத்தைவிட அயனிகள் அதிகம். எனவே செல் ஒளியை நோக்கி இழுக்கப்படுகிறது. இறந்த செல்லின் சவ்வு ஓட்டையாகிவிடுவதால் அயனிகள் வெளியே கசிந்து, உள்ளும் புறமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. அதை இழுக்க எதுவுமில்லை. உங்கள் ஆய்வகத்தில் டிரிப்பான் நீலம் இறந்த செல்லுக்குள் மட்டும் புகுவதற்கும் இதே ஓட்டைதான் காரணம். நீங்கள் சாயம் உள்ளே போவதைப் பார்க்கிறீர்கள். இந்தக் கருவி அயனி வெளியே போனதை உணர்கிறது. 2005-ஆம் ஆண்டு ஆய்விலேயே வெள்ளணுக்களில் ஒரு வகையான மனித பி செல்களில் உயிருள்ளவற்றை ஒளி வடிவத்தால் ஒருபுறமாகக் கூட்டிச் சேர்த்துக் காட்டியிருக்கிறார்கள்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆய்வகத்தில் இருப்பவர் என்பதால் உங்களுக்கு அது உடனே புரியும். மேலே சொன்னவை எல்லாம் வெளி நீர்மத்தில் அயனிகள் குறைவாக இருந்தால்தான் நடக்கும். செல்லை வளர்க்கும் ஊடகமோ உப்பு மிகுந்தது. உப்பு மிகுந்த நீரின் மின்தடை, ஒளி விழுந்த சிலிக்கானின் தடையைவிடக் குறைந்துபோனால், மின்னழுத்தம் மறுபடியும் சிலிக்கானின் குறுக்கேதான் விழும். விளக்கு எரிந்தும் மடை திறக்காது. அதனால் தொடக்கத்தில் செல்களை உப்புக் கரைசலிலிருந்து எடுத்து, ஊடுபரவல் அழுத்தம் கெடாதபடி சர்க்கரை கரைத்த நீரில் மாற்றி வைத்தார்கள். செல்கள் அதில் சிறிது நேரம் தாக்குப்பிடிக்கும். வளர்ந்து பெருகும் என்று எதிர்பார்க்கக் கூடாது. 2010-இல் மிங் வூவின் குழு, வெறும் சிலிக்கான் படலத்துக்குப் பதிலாகத் தகடு முழுவதும் ஒளி டிரான்சிஸ்டர்களை அமைத்து, விழும் ஒளியால் பிறக்கும் மின்னோட்டத்தைப் பெருக்கி, செல் வளர்ப்பு ஊடகத்திலேயே செல்களை நகர்த்தியது. கருவி பொருட்காட்சி நிலையிலிருந்து ஆய்வகப் பணிக்கு வந்தது இந்த மாற்றத்தால்தான் என்பது என் கருத்து. 15,000 பொறிகள் என்ற எண்ணிக்கை கண்ணைப் பறித்தாலும், உப்பு நீரில் வேலை செய்யாத கருவியை உயிரியலாளர் எவரும் நெடுநாள் வைத்துக்கொள்ள மாட்டார்.

இதைத் தொழிலாக்க 2011-இல் பெர்க்லி லைட்ஸ் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் கருவியில், ஒரு சில்லில் வரிசையாக அமைந்த ஆயிரக்கணக்கான நுண்ணறைகளுக்குள் ஒவ்வொரு செல்லாக ஒளியால் ஓட்டிச் சென்று அடைக்கிறார்கள்; ஒவ்வொரு செல்லும் தனித்தனியே என்ன ஆன்டிபாடியைச் சுரக்கிறது என்று பார்த்து, வேண்டிய செல்லை மட்டும் மறுபடி ஒளியாலேயே வெளியே எடுக்கிறார்கள். கூட்டமாக வைத்து அளந்தால் கிடைப்பது சராசரி. மருந்து தேடுபவருக்கு வேண்டியதோ ஆயிரத்தில் ஒன்றாக இருக்கும் அந்தத் தனிச் செல். அந்த நிறுவனம் பெயர் மாறி, 2023-இல் புரூக்கர் நிறுவனத்தின் கைக்குச் சென்றுவிட்டது.

இருபது ஆண்டுகளாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மெக்கானிக் டிரம்மைக் கழற்றும்போதெல்லாம், "வெளிச்சத்தில் காட்டாதீர்கள், டிரம் போய்விடும்" என்பார். நீங்கள் எழுதியதைப் படித்தபோது இரண்டும் ஒரே சங்கதியோ என்று தோன்றியது. சரிதானா?
— விருதுநகர் வாசகர்

மிகச் சரி. இம்மாதம் வந்த கடிதங்களிலேயே நேராக அடிவேரைத் தொட்டது உங்களுடையதுதான். ஒளியால் மின்புலத்தை வரைந்து, அதைக் கொண்டு துகள்களை வேண்டிய இடத்தில் சேர்ப்பது என்ற எண்ணம் உங்கள் கடையில் நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில், 1938 அக்டோபர் 22 அன்று, காப்புரிமைத் துறையில் பணியாற்றிய செஸ்டர் கார்ல்சன் என்பவரும் அவருக்கு உதவிய ஓட்டோ கோர்னெய் என்பவரும் கந்தகம் பூசிய ஒரு துத்தநாகத் தகட்டைப் பருத்திக் கைக்குட்டையால் தேய்த்து மின்னூட்டினார்கள். அன்றைய தேதியும் ஊர்ப் பெயரும் மையால் எழுதிய கண்ணாடிச் சில்லை அதன் மேல் வைத்துச் சில வினாடிகள் விளக்கொளி காட்டினார்கள். ஒளி பட்ட இடங்களில் கந்தகம் மின்கடத்தியாகி மின்னூட்டம் வடிந்துவிட்டது. எழுத்தின் நிழலில் மட்டும் தங்கியது. பிறகு லைக்கோபோடியம் என்ற தாவரத்தின் நுண்பொடியைத் தூவி, வாயால் ஊதினார்கள். எழுத்திருந்த இடங்களில் மட்டும் பொடி ஒட்டி நின்றது. அதை மெழுகுத்தாளில் ஒற்றி எடுத்ததே உலகின் முதல் ஜெராக்ஸ் படி. கார்ல்சன் அதன்பின் இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் படியேறி இறங்கினார். வெற்றிகரமான அலுவலக இயந்திரமாக 'ஜெராக்ஸ் 914' வருவதற்கு 1959 ஆகிவிட்டது.

உங்கள் டிரம்மின் மேலுள்ள பூச்சும் ஒளி பட்டால் கடத்தியாகும் பொருள். வலிய வெளிச்சத்தில் நெடுநேரம் இருந்தால் அது களைத்துப்போய், பிறகு இருட்டிலும் மின்னூட்டத்தைச் சரிவரத் தாங்காது என்பதால்தான் மெக்கானிக் பதறுகிறார். வேறுபாடு என்னவென்றால், உங்கள் டோனர் மின்னூட்டப்பட்ட உலர் பொடி. அது ஒரே தாவலில் ஒட்டி, சூடான உருளையில் உருகித் தாளோடு நிலைத்துவிடுகிறது. ஒளிமின் இடுக்கியில் துகளுக்கு மின்னூட்டம் வேண்டியதில்லை, அது ஒட்டிவிடவும் கூடாது. நீரிலேயே மிதந்து, ஒளி போகும் இடமெல்லாம் போக வேண்டும். படி எடுப்பதற்கும் பொம்மலாட்டத்துக்கும் உள்ள வேறுபாடு.

துகள் புரிகிறது. துளி எப்படி நகரும்? அதுவே தண்ணீர்தானே?
— கும்பகோணம் வாசகி

துளியின் கதை வேறு. அங்கே துளியின் விளிம்புதான் நாயகம். தாமரை இலையில் தண்ணீர் உருண்டு நிற்கிறது, கண்ணாடியில் பரவிவிடுகிறது. துளியின் விளிம்பு பரப்போடு செய்யும் சேர்கோணம் பெரிதாக இருந்தால் உருளும், சிறிதாக இருந்தால் பரவும். இந்தக் கோணத்தை மின்னழுத்தத்தால் மாற்றலாம் என்பது 1875-இல் பாதரசத்தை வைத்துக் காப்ரியேல் லிப்மன் ஆராய்ந்த காலத்திலிருந்து தெரிந்த செய்தி. நீரை நேரடியாக உலோகத்தின் மேல் வைத்தால் மின்னாற்பகுப்பு நிகழ்ந்து காரியம் கெடும். இடையில் மெல்லிய காப்புப் படலம் ஒன்றை வைத்து அந்தத் தடையை நீக்கினார் பிரெஞ்சு அறிவியலாளர் புரூனோ பெர்ஜ், 1993-இல். மின் நனைப்பு எனப்படும் இம்முறையில், கோணத்தின் மாற்றம் மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. இங்கும் குறி பொருட்டல்ல.

இதில் ஒளியைச் சேர்த்தவர்களும் மிங் வூவின் குழுவினரே. இடுக்கிக்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக, 2003-இல், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில். காப்புப் படலத்தின் அடியில் ஒளியால் கடத்தியாகும் படலம். மேலே டெஃப்லான் பூச்சு. சூடாக்காத நான்ஸ்டிக் தோசைக்கல்லில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். இந்தத் தகட்டின் மேல் துளி நிற்கும் கோலம் அதுதான். துளியின் ஒரு விளிம்பின் அடியில் மட்டும் ஒளி விழும்போது மின்னழுத்தம் அங்கே காப்புப் படலத்தின் குறுக்கே வந்து சேர்கிறது. அந்த விளிம்பு மட்டும் குனிந்து பரவுகிறது. மறு விளிம்பு பழையபடி நிமிர்ந்தே நிற்கிறது. இருபுறமும் வளைவு வேறுபடுவதால் துளிக்குள் அழுத்த வேறுபாடு உண்டாகி, துளி முழுவதும் ஒளியை நோக்கி நகர்கிறது.

நடைமுறையில் துளி அவ்வளவு சுலபமாகப் புறப்பட்டுவிடாது. மழைத்துளி சன்னல் கண்ணாடியில், கீழே விழுந்திருக்க வேண்டிய நேரத்திலும் பிடிவாதமாக ஒட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். விளிம்பு பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களிலும் அழுக்கிலும் சிக்கிக்கொள்கிறது. அந்தப் பிடியை விடுவிக்கும் அளவுக்கு மின்னழுத்தம் இருந்தால்தான் துளி அசையும். நுண்துளி காற்றில் விரைவில் உலர்ந்தும் போகும். இரண்டு தொல்லைகளுக்கும் எண்ணெயே மருந்து: துளியைச் சுற்றி எண்ணெயை நிரப்பினால் வழுக்கலும் கிடைக்கிறது, ஆவியாதலும் நிற்கிறது. இரண்டு துளிகளை ஒளியால் நகர்த்தி ஒன்றாக்கினால் அதுவே ஒரு வேதிவினை. குழாயும் இல்லை, வால்வும் இல்லை, வினை முடிந்ததும் கழுவ வேண்டிய பாத்திரமும் இல்லை.

மின்கம்பியே இல்லாமல், வெறும் படிகத்தின் மேல் ஒளி காட்டியே துகளைப் பிடிக்கிறார்கள் என்று ஒரு பேராசிரியர் சொல்லக் கேட்டேன். மின்னழுத்தம் எங்கிருந்து வருகிறது?
— முதுகலை மாணவர், கோயம்புத்தூர்

லித்தியம் நியோபேட் என்ற செயற்கைப் படிகத்திலிருந்து. அதில் சிறிதளவு இரும்பைக் கலந்து பச்சை அல்லது நீல ஒளியைக் காட்டினால், இரும்பு அயனிகள் எலக்ட்ரான்களை வெளியேற்றுகின்றன. சாதாரணப் பொருளில் அவை எல்லாத் திசைகளிலும் சமமாகச் சிதறும். லித்தியம் நியோபேட்டின் அணுவடுக்கில் ஓர் அச்சு மட்டும் முன்பின் சமச்சீர் அற்றது; அதனால் எலக்ட்ரான்கள் அந்த அச்சில் ஒரு பக்கமாகவே அதிகம் தள்ளப்பட்டு, சற்றுத் தொலைவில் வேறு இரும்பு அயனிகளிடம் சிக்கி நின்றுவிடுகின்றன. ஒளி பட்ட இடத்தின் ஒரு பக்கம் எதிர்மின்னூட்டமும் மறுபக்கம் நேர்மின்னூட்டமும் சேர்ந்துகொண்டே போக, சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் வோல்ட் என்ற அளவை எட்டும் மின்புலம் உண்டாகிறது. காற்றில் பொறி பறக்கச் சென்டிமீட்டருக்கு முப்பதாயிரம் வோல்ட் போதும் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்தப் படிகத்தில் மட்டும் ஒளி வெறும் மடை திறப்பவர் அல்ல, ஏரியை நிரப்புபவரும் அதுவே. மேலே நாம் அழுத்திச் சொன்னதற்கு இது விலக்கு. ஆனாலும் துகளை இழுப்பது மின்புலந்தான். ஸ்பெயினின் மாட்ரிட் தன்னாட்சிப் பல்கலைக்கழகக் குழு இத்துறையில் நெடுநாளாக உழைத்து வருகிறது. விளக்கை அணைத்த பிறகும் மின்னூட்டம் மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் படிகத்தில் தங்கியிருக்கும் என்பதால், முதலில் ஒளியால் கோலத்தை வரைந்துவிட்டு, பின்னர் இருட்டில் துகள்கள் கலந்த எண்ணெயில் படிகத்தை முக்கியெடுக்கிறார்கள். துகள்கள் கோட்டின் மேல் வந்து அமர்கின்றன. வேண்டாதபோது படிகத்தைச் சூடாக்கி அழிக்கலாம். சாதாரண நீர் இதற்கு ஒத்துவராது: அதிலுள்ள அயனிகள் படிகத்தின் பரப்பில் ஒட்டிக்கொண்டு புலத்தை மறைத்துவிடும். ஒளிமின் இடுக்கியைப் போல நொடிக்கு நொடி வடிவத்தை மாற்றவும் இயலாது.

இதில் ஒரு சுவையான திருப்பம் உண்டு. லித்தியம் நியோபேட்டின் வழியே லேசரைச் செலுத்தினால் கற்றை சிதைகிறது என்பதை 1966-இல் பெல் ஆய்வகத்தினர் கவனித்து, அதை 'ஒளிச்சேதம்' என்ற பொருளில் ஒரு குறையாகவே பதிவு செய்தார்கள். படிகத்துக்குள் எழும் இந்த மின்புலத்தின் வேலைதான் அது என்பது பின்னர் தெளிவாயிற்று. அந்த 1966 கட்டுரையின் முதல் ஆசிரியர் ஆர்தர் ஆஷ்கின்.

எவ்வளவு சிறிய துகள் வரை பிடிக்க முடியும்? வைரஸைப் பிடிப்பார்களா?
— பிளஸ் டூ மாணவர், தஞ்சாவூர்

விசை துகளின் கன அளவைப் பொறுத்தது. விட்டம் பத்தில் ஒரு பங்கானால் விசை ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும்; ஆனால் நீர் மூலக்கூறுகள் மோதுவதால் வரும் பிரௌனியன் ஆட்டம் துகள் சிறுக்கச் சிறுக்க அதிகமாகும். எனவே பத்து மைக்ரோமீட்டர் அளவுள்ள செல் சுலபம், ஒரு மைக்ரோமீட்டர் மணி சிரமம், அதில் பத்தில் ஒரு பங்கேயான வைரஸ் மிகக் கடினம். நீண்டு மெலிந்த உருவத்துக்கு மட்டும் சலுகை உண்டு: அதன் இரு முனைகளும் தொலைவில் இருப்பதால் முனைவாக்கம் வலுவாக அமைகிறது. 2008-இல் வெள்ளி, சிலிக்கான் ஆகியவற்றின் நானோகம்பிகளைப் பெர்க்லி குழு தனித்தனியே பிடித்துக் காட்டியது.

மறுபக்கமாக யோசித்தவர்களும் உண்டு. கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் 2019-இல், ஒருபுறம் வாய் திறந்த நுண்ணிய பற்சக்கரம் ஒன்றைச் செய்து, அதைச் சூழ்ந்து அதே வடிவிலான ஒளியைப் பாய்ச்சி, அந்தச் சக்கரத்தை முறம் போலப் பயன்படுத்தினார்கள். ஒளியைத் திருப்பினால் சக்கரம் திரும்புகிறது. செல்லை வாயில் அள்ளிக்கொண்டு போய் வேறிடத்தில் கொட்டுகிறது. வலிய புலம் செல்லின் மேல் நேரடியாக விழாதபடி சக்கரமே மறைத்துக்கொள்வது இதன் கூடுதல் நன்மை.

வீட்டிலோ பள்ளியிலோ இதைச் செய்து பார்க்க வழியுண்டா?
— இரு வாசகர்கள், சேலம், ஈரோடு

ஒளிமின் இடுக்கியைச் செய்ய முடியாது. சிலிக்கான் படலம் பூச வெற்றிடக் கலம் வேண்டும். லேசர் பேனாவை நீர்த்துளியின் மேல் அடித்துப் பார்ப்பதால் துளி நகராது, கண்ணுக்குக் கேடு மட்டுமே மிஞ்சும். வீட்டு மின்சாரத்தைத் தகடுகளில் இணைத்துப் பார்க்கும் எண்ணம் ஒருவர் கடிதத்தில் இருந்தது, தயவுசெய்து வேண்டாம்.

ஆனால் துகள் வலிய புலத்தைத் தேடிப் போவதை நன்றாகவே காணலாம். தெர்மாகோலைச் சுரண்டிச் சில மணிகளை ஒரு தட்டில் பரப்பி, தேய்த்த சீப்பின் தட்டையான முதுகை ஒருமுறையும் பற்களின் நுனியை ஒருமுறையும் அருகே கொண்டு செல்லுங்கள். மணிகள் எங்கே போய்க் குவிகின்றன என்று பாருங்கள். ஒட்டிய சில மணிகள் சிறிது நேரத்தில் எட்டித் துள்ளி ஓடினால் வியக்க வேண்டாம். அவை சீப்பிலிருந்து மின்னூட்டத்தையே வாங்கிக்கொண்டுவிட்டன. மழை நாளில் செய்யாதீர்கள். ஈரக் காற்றில் சீப்பில் மின்னூட்டம் நிற்காது.